திறந்த வெளியில் ஒரு வெண்திரை
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சினிமாக் கொட்டகை. கோயில் மன்றத்து மேடையில் இது என்ன பேச்சு என்று சில பெரியவர்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. பொறுத்தருள வேண்டுகிறோம். பேச்சின் முடிவில் நாம் வந்து நிற்கப்போவது நமது ஆலய வளவிலே, அடுத்த பொதுக்கூட்டத்தில் நாம் தீர்மானிக்க வேண்டிய ஒரு காரியத்திலே. அதுவரை கொஞ்சம் பொழுதுபோக்காகவே கேளுங்கள்.

மேல்நாடுகளில் "டிரைவ்-இன்" என்றொரு வகைப் படமாளிகை உண்டு. கூரையில்லை, சுவரில்லை, நாற்காலியில்லை. பெரிய வெளியொன்றின் எல்லையில் உயர்ந்த வெண்திரை ஒன்று நிற்கும். மோட்டார் வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே போய், திரையைப் பார்க்க நிறுத்திவிட்டு, வண்டியில் இருந்தபடியே படம் பார்க்க வேண்டியது. அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தைச் சேர்ந்த றிச்சார்ட் ஹொலிங்ஸ்ஹெட் என்பவர் தமது வீட்டு முற்றத்திலே இதற்குச் சோதனை செய்தார். மரங்களுக்கிடையே துணியைக் கட்டி, கார் மூடியின்மேல் புரொஜெக்டரை வைத்துப் படம் ஓட்டிப் பார்த்தார். முன் வண்டி பின் வண்டியை மறைத்ததும், முன் சக்கரங்களைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் மறைக்காது என்று கண்டார். அந்த மேட்டு வரிசையே அவர் கண்டுபிடிப்பின் உயிர். 1933 மே மாதத்தில் அதற்குக் காப்புரிமை பெற்று, ஜூன் 6 ஆம் திகதி கம்டன் நகரின் அருகே முதலாவது அரங்கைத் திறந்தார். வண்டிக்கு 25 சதம், ஆளுக்கு 25 சதம். எத்தனை பேர் ஒரே வண்டியில் வந்தாலும் ஒரு டொலருக்குமேல் இல்லை. குடும்பம் பெரிதானால் இலாபமும் பெரிது!

முதலில் ஒலிபெருக்கிகளைத் திரையருகே வைத்தார்கள். அயல் வீட்டார் தூங்க முடியாமல் முறையிட்டார்கள். பிறகு வண்டிக்கொரு சிறிய ஒலிபெருக்கியைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். அதற்கும் பிறகு வண்டியிலுள்ள வானொலியிலேயே கேட்கும் வழி வந்தது. 1958 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் 4,000க்கு மேற்பட்ட டிரைவ்-இன் அரங்குகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 300.

மற்றவை எங்கே போயின? தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது. நகரங்கள் விரிந்து, ஊருக்கு வெளியே கிடந்த மலிவான நிலம் பொன் விலைக்கு ஏறியது. இரவு இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் பயன்படும் இருபது ஏக்கரை வைத்திருப்பவன் அதைக் கடைத்தொகுதிக்காரனுக்கு விற்காமல் எத்தனை நாள் இருப்பான்? பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பிலிம் சுருள் வருவதே நின்று, எல்லாம் டிஜிற்றல் ஆயிற்று. புதிய புரொஜெக்டரின் விலை பல்லாயிரம் டொலர். சிறிய அரங்குக்காரர் பலர் அந்தச் சுமையில் மூச்சிழந்தனர்.

ஆயினும் மாண்டது மாண்டது என்று அங்குள்ளோர் விட்டுவிடவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் 1934இல் திறந்த ஷாங்வைலர்ஸ் என்னும் அரங்கு இன்றும் நடைபெறுகிறது. 2013இல் ஹொண்டா மோட்டார் நிறுவனம் பொதுமக்களை வாக்களிக்கச் சொல்லி, வாக்குப் பெற்ற அரங்குகள் சிலவற்றுக்கு டிஜிற்றல் புரொஜெக்டர்களைக் கொடுத்தது. 2020இல் கொரோனா வந்து மூடிய கட்டடங்களெல்லாம் பூட்டுண்டபோது, காற்றோட்டமாக, ஒருவரையொருவர் தொடாமல் படம் பார்க்கத்தக்க இடம் இந்தப் பழைய வெளியே என்று உலகம் மறுபடி கண்டுகொண்டது. பழையது என்று தள்ளியது ஆபத்தில் கைகொடுத்தது.

அயல்நாடான இந்தியாவிலும் இது வந்தது. அகமதாபாத்தில் 1973இல் தொடங்கிய அரங்கில் 665 வண்டிகள் நிற்கலாம். அங்கே ஒரு விசேஷம். வண்டி வைத்திருப்பவர்கள்கூட வண்டிக்குள் இருப்பதில்லை. பாய், மெத்தை, தலையணை, சாப்பாட்டுப் பாத்திரம் என்று வீட்டையே தூக்கிக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் விரித்துவிடுவார்கள். பம்பாயில் 1977இல் தொடங்கிய அரங்கு 2003இல் மூடியது. அதே பகுதியில் 2021இல் ஒரு கடைமாளிகையின் மொட்டைமாடியில் புதியதொன்று தொடங்கியது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் "பிரார்த்தனா" என்று ஒன்று இருந்தது. கடற்காற்று வாங்கிக்கொண்டு படம் பார்த்தவர்கள் அதை இன்னும் சொல்லிச் சொல்லி ஏங்குகிறார்கள். அது இப்போது மூடப்பட்டுவிட்டது.

அகமதாபாத்து மக்கள் பாய் விரித்தார்கள் என்றோமே, அந்தப் பாய்தான் நம்மை நமது கலேவெலைக்குக் கொண்டுவருகிறது.

நமது ஊரில் மோட்டார் வண்டியில் இருந்து படம் பார்க்கும் அரங்கு இருந்ததில்லை. அக்காலத்தில் வண்டி வைத்திருந்தவர்களை ஒரு கையின் விரல்களால் எண்ணிவிடலாம். ஆனால் திறந்த வெளியில் வெண்திரை இருந்தது. 1960களில் இங்கு வளர்ந்த நாம் அதை மறந்திலோம். குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பெருந்தெருவில் ஒரு லொறி வந்து நிற்கும். கம்புகள், கன்வஸ் துணி, வாங்குகள், மின்பிறப்பாக்கி, எல்லாவற்றுக்கும் மேல் ஓர் இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்தான் சிவாஜியும் எம்.ஜி.ஆரும் சுருண்டு கிடக்கிறார்கள் என்று சிறுவர்களாகிய நாம் அதைச் சுற்றிச் சுற்றி வருவோம். மாலையில் பறை அடித்து நோட்டீஸ் கொடுப்பார்கள். ஒரு நோட்டீசுக்காக ஒரு மைல் ஓடுவோம்.

நாற்காலிக்கு ஒரு விலை, வாங்குக்கு ஒரு விலை, தரைக்கு ஒரு விலை. தரையே நமது ஆசனம். முன்னாலிருப்பவன் மறைத்தால் மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் இருப்போம். ஹொலிங்ஸ்ஹெட் சக்கரத்துக்குச் செய்ததை நாம் அவர் பெயரே அறியாமல் வேறோர் இடத்துக்குச் செய்தோம்! தரைக்கும் காசில்லாதவர்கள் திரைக்குப் பின்பக்கம் போய் இருப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான். நம்மில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து நகரத்துத் தியேட்டரில் அதே படத்தைப் பார்த்துவிட்டு, "இவன் எப்போது வலக்கைக்காரன் ஆனான்?" என்று கேட்டார். இன்று அவர் நம்மோடு இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் இருக்கிறது.

புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. முப்பத்தைந்து மில்லிமீற்றர்ச் சுருளில் ஆயிரம் அடி ஓடப் பதினொரு நிமிடம் ஆகும். பதினாறாயிரம் அடிப் படமென்றால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சுருள் முடியும்போதெல்லாம் படம் நிற்கும், விளக்கு எரியும். நகரத்தில் இதைக் குறை என்பார்கள். நமக்கு அதுவே ஊர்ச் சபை. அந்த ஐந்து நிமிடத்தில்தான் கடலைக்காரன் வருவான், பிள்ளைகளைத் தேடுவார்கள், பகைத்திருந்த இரண்டு வீட்டார் தற்செயலாக முகம் பார்ப்பார்கள். அருகில் சிங்களக் குடும்பம் இருக்கும், முஸ்லிம் குடும்பம் இருக்கும். தமிழ் தெரியாதவருக்குத் தெரிந்தவர் கதை சொல்வார். அவர் சொல்லும் கதை திரையில் நடப்பதைவிட நன்றாகவும் இருப்பதுண்டு.

தோட்டங்களில் வேறொரு வகை. மைதானத்தில் இரண்டு கம்பு நட்டு வேட்டியைக் கட்டிப் பதினாறு மில்லிமீற்றர்ப் படம் காட்டுவார்கள். மலைக்கு மலை அந்த வெளிச்சம் தெரியும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து பனியிலே இருந்து பார்த்த தாய்மார்கள் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள்.

இது நமக்குப் புதியதும் அன்று. திரை வருவதற்கு முன்னரே காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் இரவிரவாகத் திறந்த வெளியில்தான் ஆடப்பட்டன. நடுவிலே வெளிச்சம், சுற்றிலும் மக்கள், மேலே வானம். கூத்துக்காக விரித்த அதே பாயைத்தான் நம்மவர் சினிமாவுக்கும் விரித்தார்கள். 1905இல் திருச்சிராப்பள்ளி ரயில்வேயில் படம் வரைபவராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் கருவியும் படங்களும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கொட்டகை போட்டபோது, அவருக்குக் கூட்டம் தயாராகவே இருந்தது. கூத்தினால் இரவில் கூடிப் பழகிய கூட்டம் அது.

"கோயில் மன்றத்துக்கும் சினிமாவுக்கும் என்ன?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. சினிமா நமக்கு நன்மையே செய்தது என்று நாம் வாதாடவில்லை. கல்வியைக் கெடுத்ததும் உண்டு, காசைக் கரைத்ததும் உண்டு. ஆனால் 1953இல் வந்த "ஔவையார்" படத்தையும், 1965இல் வந்த "திருவிளையாடல்" படத்தையும் நம்மவர் எப்படிப் பார்த்தார்கள்? செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தவர்கள் உண்டு. திரையில் சுவாமி தோன்றியதும் கைகூப்பியவர்கள் உண்டு. எழுத்தறியாத எத்தனையோ பேருக்குப் புராணம் அந்தத் திரையின் வழியாகவும் வந்து சேர்ந்தது. எதைக் காட்டுகிறோம் என்பதே கேள்வி. திரை தன்னளவில் வெறுந்துணி.

இனி, இவையெல்லாம் எங்கே போயின? 1979இல் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. 1982இல் ரூபவாஹினி வந்தது. பெட்டி வைத்திருந்த வீட்டு யன்னலில் ஊரே தொங்கியது. கொட்டகைக்காரர் லொறியைத் திருப்பிக்கொண்டார். அடுத்த ஆண்டு 1983 ஜூலை. அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இந்நாட்டுச் சினிமாவில் பெரும் பங்கேற்ற கே. குணரத்தினம் அவர்களின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. தமிழர் நடத்திய படமாளிகைகள் பல எரிந்தன. நமது மைதானத்தில் ஒரே பாயில் இருந்தவர்களிலும் சிலர் பெட்டி கட்டிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. ஆதலால் அந்த வெளியை நினைக்கும்போது நமக்கு இனிமை மட்டும் வருவதில்லை. கூடி இருக்க முடிந்ததே என்ற வியப்பும், கூடி இருந்தும் காக்க முடியவில்லையே என்ற துயரமும் சேர்ந்தே வருகின்றன.

இழப்பு இன்னொன்றும் உண்டு. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் "காளிதாஸ்". அதன் ஒரு பிரதிகூட இன்று உலகில் இல்லை. இலங்கையில் நம்மவர் எடுத்த படங்களை எண்ணிப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் தோட்ட வாழ்க்கையை வைத்து வந்தது "தோட்டக்காரி". 1972இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா "குத்துவிளக்கு" தயாரித்தார். 1975இல் வீ. பி. கணேசன் "புதிய காற்று" தயாரித்தார். 1977இல் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ தமிழில் "பொன்மணி" எடுத்தார். இந்தப் பெயர்களில் எத்தனையை நமது இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள்? பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் 1978இல் சுமித்ரா பீரிஸ் எடுத்த "கெஹெனு லமாய்" என்ற சிங்களப் படம் புதுப்பிக்கப்பெற்று 2025இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பெற்றது. கவனிப்பார் இருந்தால் பழஞ்சுருளும் உயிர்பெறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நிற்க. இப்போது காரியத்துக்கு வருவோம்.

ஆலயத்தின் பக்கத்திலுள்ள வெற்று நிலத்தில் மண்டபம் கட்டுவது என்று ஒரு யோசனை இருப்பது உங்களுக்குத் தெரியும். நிலம் முழுவதையும் நிரப்பும்படியான வரைபடமும் வந்திருக்கிறது. கொட்டகை போட்ட நிலம் அதுவே. மண்டபம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஒரு கலியாணம் நடத்த நாம் படும் பாட்டை நாமே அறிவோம். மண்டபத்தை எதிர்ப்பவன் தன் மகளுக்குக் கலியாணம் பேசிப் பார்க்கட்டும் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது நியாயம்.

ஆனால் வெளி என்பது காலியாகக் கிடக்கும் இடம் என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. பிள்ளைகள் பந்தடிப்பதும், திருவிழாவில் அடியார்கள் அமர்வதும், கூத்து ஆடுவதும், அயலார் தயங்காமல் வந்து நிற்பதும் அங்கேதான். மண்டபத்துக்கு வர அழைப்பிதழ் வேண்டும். வெளிக்கு வர அழைப்பு வேண்டியதில்லை. அமெரிக்கர் நிலத்தைக் கடைக்கு விற்றபின் வருந்தினர். நாமோ விற்கப்போவதில்லை, கட்டி நிரப்பப்போகிறோம். முடிவு ஒன்றுதான். சிமெந்து போட்டபின் யோசித்துப் பயனில்லை.

ஆகவே நமது வேண்டுகோள் மூன்று.

ஒன்று: மண்டபத்தைச் சற்றுச் சிறிதாக்கி நிலத்தின் மேற்கு ஓரத்தில் கட்டுவோம். கிழக்குப் பக்கத்தை வெளியாகவே விடுவோம். மண்டபத்தின் கிழக்குச் சுவரில் யன்னல் வையாமல், சமனாகப் பூசி வெள்ளை அடிப்போம். அதுவே நமது திரை. சூரியன் சுவருக்குப் பின்னால் இறங்குவதால் மாலை வெயில் அதில் விழாது. டிரைவ்-இன் கட்டியவர்களும் இயன்றவரை திரையைக் கிழக்கே பார்க்கவே நிறுத்தினார்கள். தனியாகத் திரை வாங்கும் செலவும் மிச்சம். மண்டபமும் வெளியும் ஒன்றையொன்று தின்னாமல் ஒன்றுக்கொன்று உதவட்டும்.

இரண்டு: ஆண்டுக்கு ஓர் இரவு அந்தச் சுவரில் படம் காட்டுவோம். நமது பகுதியில் வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் தை வரை. ஆகவே ஆடி, ஆவணி மாதங்களில் ஓர் இரவு வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்திப் படம், அனுமதி பெற்று ஓர் இலங்கைத் தமிழ்ப் படம், மற்றோர் ஆண்டில் ஒரு நல்ல சிங்களப் படம். கட்டணம் வேண்டாம். அயலிலுள்ள சிங்கள, முஸ்லிம் குடும்பங்களுக்கு இளைஞர்கள் நேரில் சென்று சொல்லட்டும். இரவு 10 மணிக்கு முன் முடித்துவிடுவோம். ஒலிபெருக்கியை அளவோடு வைப்போம். அமெரிக்க அயலார் பட்ட துன்பத்தை நமது அயலார் படவேண்டாம்.

மூன்று: இளைஞர்களே, இது உங்களுக்கு மட்டும். இந்த ஊரில் கொட்டகைக் காலத்தை அறிந்த பெரியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் படம் பிடிக்கும், குரல் பதியும் கருவி இருக்கிறது. பாட்டன் பாட்டியிடம் போய் இருந்து கேளுங்கள். என்ன படம், எந்த ஆண்டு, யார் கொட்டகை, தரைக்கு எவ்வளவு, யாரோடு போனார்கள் என்று கேட்டுப் பதியுங்கள். பழைய நோட்டீசோ, டிக்கெட்டோ, பாட்டுப் புத்தகமோ அகப்பட்டால் படம் எடுத்துவிட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். எங்கே, யாரிடம் கிடைத்தது என்று எழுதிவையுங்கள். வரும் ஆண்டு மலரில் பத்துப் பக்கத்தை அதற்கென ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவை நாம் கேட்டுக்கொள்கிறோம்.

போன கொட்டகையை நாம் மீட்டுவர முடியாது. லொறியும் வராது, பறையும் கேட்காது. பழமை என்பதற்காகவே எல்லாவற்றையும் கட்டிக்காக்க வேண்டும் என்பதும் நமது கட்சி அன்று. ஒற்றைப் புரொஜெக்டர் போகட்டும், மூட்டைப் பூச்சி வாங்கும் போகட்டும். ஆனால் ஊர் முழுவதும் ஒரு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே வெளியில் அமர்ந்திருந்த அந்த வழக்கத்தையாவது விட்டுவிடாமல் இருப்போம். இன்று ஆளுக்கொரு கையகலத் திரையை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் ஐந்து பேர் ஐந்து மூலையில் இருக்கிறோம். அப்படி இருக்கும் வீட்டுக்கு ஆண்டில் ஓர் இரவு பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச்சொல்லுவது சமயப் பணியே என்று நாம் கருதுகிறோம்.

பொதுக்கூட்டத்தில் வரைபடம் மேசைமேல் வரும்போது, கையை உயர்த்துவதற்கு முன் ஒருமுறை அந்த நிலத்தில் போய் நின்று பாருங்கள். மாலை ஆறரை மணிக்குப் போங்கள். பெரியவர்கள் வழித்துணைக்குச் சிறுவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எங்கே இருந்து படம் பார்த்தீர்கள் என்று அந்தச் சிறுவனுக்குக் காட்டுங்கள். அதன்பின் உங்கள் மனம் என்ன சொல்கிறதோ அதற்கே வாக்களியுங்கள்.

 எல்லாம் வல்ல இறைவன் அருளால் ஊர் ஒன்றுபட்டு வாழ்க.